நாற்காலிகள் திரும்பிய பக்கம்

ஏழாம் அறைத் தையல்காரருக்கு வலிப்பு வரும்போதெல்லாம் அங்கிருந்த நான்கு நாற்காலிகளும் அவரோடு சேர்ந்து திரும்பின. முதல் நாள் மட்டும் வார்டே அல்லோலகல்லோலப்பட்டது. மூன்றாம் நாள், துப்புரவு செய்யும் பெண் அவற்றைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டுத் தன்பாட்டுக்குத் தரையைத் துடைத்தாள்.

கட்டிலின் கால்மாட்டில் நின்று வலிப்பின் அடையாளங்களைக் குறிப்பது நர்ஸின் வேலை. பதினோரு வருடமாக அதே இடம், அதே பேனா. பேச்சின் நடுவே பத்து விநாடி உறைந்து, விட்ட சொல்லிலிருந்தே தொடர்ந்தால் அது ஒரு வகை. வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு சட்டைப் பொத்தானைத் துழாவினால் இன்னொன்று. தையல்காரருக்கு முதலில் தலை ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும், அப்புறம் உடம்பு விறைத்து வெட்டி இழுக்கும். அப்படித் தலை இடப்பக்கம் போனால் கோளாறு மூளையின் வலப்பக்கம். வழக்கமாகப் பக்கத்தைக் காட்டிக்கொடுக்கும் ஸ்கேனில் இவருக்கு ஒன்றும் பிடிபடாததால் பெரிய டாக்டர் நர்ஸின் குறிப்பையே நம்பி ஆபரேஷனுக்கு நாள் வைத்தார். குறிப்பில் ஆறு தடவையும் ‘இடது’ என்றே இருந்தது.

ஆபரேஷன் அன்று காலை தையல்காரரைத் தள்ளிக்கொண்டு போனதும் துப்புரவுப் பெண் சலித்துக்கொண்டாள். “ஏன்க்கா, இந்த நாற்காலிங்க எப்பப் பாத்தாலும் ஜன்னல் பக்கமே திரும்புதே, அங்க அப்படி என்னதான் இருக்கு?”

நர்ஸ் காலிக் கட்டிலைப் பார்த்தாள். படுத்திருப்பவருக்கு ஜன்னல் வலக்கைப் பக்கம். எதிரே நிற்கும் அவளுக்குத்தான் அது இடது. செருப்பைக்கூட மாட்டாமல் ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினாள். மொட்டைத் தலையோடு தையல்காரர் மயக்க ஊசிக்குக் கை நீட்டியிருந்தார்.

“நிறுத்துங்க டாக்டர்! என்னோட இடதை எழுதிட்டேன், அவரோடது இல்ல!”

டாக்டர் திட்டிய திட்டு கீழ்மாடிவரை கேட்டது. அவளுக்கு அது தேனாக இனித்தது.

ஒரு மாதம் கழித்து மறுபக்கத்தில் ஆபரேஷன் நடந்தது. அதன்பின் தையல்காரருக்கு வலிப்பே வரவில்லை. வருடா வருடம் பரிசோதனைக்கு வருவார், நாற்காலிகளுக்குப் புது உறை தைத்துக் கொண்டுவருவார்.

வலிப்பு அவரை விட்டதே தவிர, அறையை விடவில்லை. ஆளில்லாத பகல்களில் நாற்காலிகள் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பும், தலையணை நடுவில் குழியும், கட்டில் கம்பிகள் ஒன்றரை நிமிடம் கடகடக்கும். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பாள். ஆள்: இல்லை. தலை: படுத்திருப்பவரின் வலது. பேனாவை மூடிவிட்டு, “முடிஞ்சிடுச்சு, பயப்படாதீங்க” என்று சொல்லி, அந்தக் காலிக் கட்டிலின் மூச்சு சீராகும்வரை அதனருகே உட்கார்ந்திருப்பாள்.