மன்மதன் நின்ற இடம்

நிரோஷன் செத்து இரண்டு மாதமாகியும் மடிக்கணினியை விட்டுப் போகவில்லை.

கருமாதி முடிந்தது. அவன் சட்டைகளை ஆற்றில் விட்டார்கள், படத்துக்கு மாலை போட்டார்கள். ஆனால் தம்பி கிஷாந்த் மாலையில் வேலைவிட்டு வந்து வீடியோ பிளேயரைத் திறந்தால், கடைசியாகப் பார்த்தவற்றின் வரிசையில் முதல் வரியில் அண்ணன்தான் இருந்தான். அண்ணன் மன்மதன் வேஷம் கட்டி ஆடிய காமன் கூத்து அது. கிஷாந்தே போனில் பிடித்து, 'நிரோஷன்' என்று பெயர் போட்டு வைத்திருந்தான். முந்திய நாள் கிஷாந்த் பார்த்ததோ ஏதோ ஒரு சண்டைப் படம். நியாயப்படி அதுதான் மேலே இருக்கவேண்டும்.

பகலில் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் அவர்கள் வீடு பூட்டிக் கிடக்கும். கிஷாந்த் ஹட்டன் டவுனில் றிஷாத் நானாவின் கம்ப்யூட்டர் கடையில் இருப்பான். அம்மா பேச்சியம்மா கொழுந்து பறிக்கும் மலையில். கையெழுத்தைத் தவிர வேறு எழுத்தறியாதவள்; கரண்ட் அடிக்கும் என்று மடிக்கணினியைத் துடைக்கக்கூட மாட்டாள். அப்படியானால் யார்?

அதைவிடப் பயங்கரம் ஒன்று இருந்தது. அந்த பிளேயர், படத்தை எங்கே நிறுத்தினோமோ அங்கிருந்துதான் மறுபடி தொடங்கும். கிஷாந்த் முதலில் தொட்டுப் பார்த்தபோது அண்ணன் சலங்கை கட்டிக்கொண்டிருந்தான். அடுத்த நாள் ரதியோடு ஆடிக்கொண்டிருந்தான். இன்னும் சில நாளில் கரும்பு வில்லைத் தூக்கிவிட்டான். தவத்தில் இருக்கும் சிவன்மேல் அம்பு விடப் போகிறான். சிவன் கண்ணைத் திறப்பார், மன்மதன் எரிந்து விழுவான். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக, அண்ணன் நெருப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.

எரிந்த மன்மதனை மூன்றாம் நாள் உயிர் எழுப்பவேண்டும் என்பது கூத்தின் முறை. இந்த முறை அடைமழை. எழுப்பும் சடங்கைத் தள்ளிப் போட்டார்கள். தள்ளிப் போட்ட அந்தக் கிழமையில்தான் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மலையில் நிரோஷனைக் குளவிக் கூட்டம் கொட்டிக் கொன்றது. எழுப்பாமல் விட்டதால்தான் போனான் என்று லயம் முழுக்கக் குசுகுசுத்தது. கிஷாந்த் அதைக் கேட்டுச் சிரித்தவன். இப்போது சிரிப்பு வரவில்லை.

"நானா, நான் பாக்காத படம் தானா வரிசையில மேல வருமா?" என்று கடையில் கேட்டான்.

"யாராவது திரும்பத் தொறந்தா வரும். சும்மா எப்பிடிடா வரும்?" என்றார் றிஷாத், தலையைத் தூக்காமலே.

அந்த 'யாராவது' என்பதோடுதான் கிஷாந்த் அன்று பஸ் ஏறினான்.

வீட்டுக் கணினியில் துப்புரவு மென்பொருளை ஓடவிட்டான். உலாவி, குப்பைத் தொட்டி, தற்காலிகக் கோப்புகள் எல்லாம் சுத்தமாயின. அண்ணன் அசையவில்லை. அந்தப் பழைய பிளேயரை மென்பொருளுக்குத் தெரியாது. ஊரார் கணினிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவனுக்கு இது கௌரவப் பிரச்சினை வேறு. ரெஜிஸ்ட்ரியைத் திறந்து, பிளேயர் தன் நினைவுகளைப் போட்டுவைக்கும் இடத்தைத் தேடிப் பிடித்தான். பார்த்த படங்களின் பெயர்கள் ஓரிடத்தில், நிறுத்திய இடங்கள் வேறோரிடத்தில். இரண்டையும் அழிக்கச் சொல்லித் தனித்தனியாக விதி எழுதி மென்பொருளில் சேர்த்தான். கணினியைப் போடும் ஒவ்வொரு தடவையும் அது தானாக ஓடவேண்டும் என்றும் வைத்தான். வீடியோவில் கைவைக்க மட்டும் மனம் வரவில்லை.

"போயிரு அண்ணே," என்றான் மெதுவாக. சொன்ன பிறகு அழுகை வந்தது.

மறுநாள் வரிசை வெறுமையாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டான். ஆனால் அதற்கடுத்த நாள், தேடும் பெட்டியைத் தொட்டதும் யாரோ தட்டிய எழுத்துகள் விழுந்தன. ஜ ஜ ஜ ஜ, பிறகு ஏதேதோ. அர்த்தமே இல்லை. வாய் கட்டப்பட்ட ஒருவன் பேச முயன்றதுபோல இருந்தது. கிஷாந்த் மூடியைப் படாரென்று சாத்தினான்.

அடுத்த நாள் வாடிக்கையாளருக்குக் கொடுக்கவேண்டிய சார்ஜரை வீட்டில் மறந்துவிட்டு, எடுத்துப்போக மத்தியானம் வந்தான். பனி லயத்தை மூடியிருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே டக், டக் என்று விசை தட்டும் சத்தம். சாமியை நினைத்துக்கொண்டு கதவைத் தள்ளினான்.

அம்மா. மழைக்கு இடுப்பில் கட்டிய ஈரப் படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல், மடியில் சோற்றுத் தட்டோடு, கொழுந்துக் கறை படிந்த விரலால் ஒவ்வொரு விசையாக அழுத்திக்கொண்டிருந்தாள். மத்தியானக் கொழுந்தை எடை போட்டதும் அம்மா சாப்பிட வீட்டுக்கு வருவாள் என்பது, மூன்று வருடமாக டவுனில் சாப்பிடும் மகனுக்கு மறந்தே போயிருந்தது.

"அண்ணன் எங்க தம்பி?" என்றாள். "மேலதான இருந்தான். மொத வரியில."

"நீங்களாம்மா பாத்தீங்க? யாரு சொல்லிக்குடுத்தா?"

"அவந்தான். கூத்து முடிஞ்ச மறுநா. மொத வரியத் தட்டும்மா, நான் வந்துருவேன்னான். வேற படம் வந்தா அடுத்த வரியத் தட்டுவேன். சோறு திங்கயில கொஞ்சமாப் பாப்பேன். முழுசாப் பாத்தா தீந்துருமில்ல, அதான் வச்சு வச்சுப் பாத்தேன்." தட்டைக் கீழே வைத்தாள். "வில்லத் தூக்கிட்டான் தம்பி. சிவன் கண்ணத் தொறக்குறத நான் எப்பிடிப் பாப்பேன்? பின்னால அனுப்பவும் தெரியல. பொறவு பாத்தா ஆளையே காணோம். எரிஞ்சிட்டானோன்னு நெஞ்சு கெடந்து அடிக்குது."

பேய் என்று நினைத்துக் கிஷாந்த் துரத்தியது, அம்மாவின் ரெண்டு வாய்ச் சோற்று நேரத்தை.

மென்பொருளைத் திறந்தான். பெயர்களை அழிக்கும் விதியை எடுத்துவிட்டான். நிறுத்திய இடத்தை அழிக்கும் விதியை அப்படியே விட்டான். வீடியோவை ஒரு தடவை ஓடவிட்டு, கணினியை அணைத்து மறுபடி போட்டான்.

"இப்பத் தட்டுங்கம்மா."

முதல் வரி இருந்தது. அம்மா தொட்டாள். நிரோஷன் தரையில் உட்கார்ந்து, முகத்துக்கு மை பூசக் காத்திருந்தான்.

"மொதல்லருந்து வர்றானே! வில்லு இல்ல, ஒண்ணும் இல்ல."

"தெனமும் இப்பிடித்தாம்மா வருவான். எங்க நின்னோம்னு அதுக்கு ஞாபகம் இருக்காது."

"அப்ப எரிய மாட்டானா?"

"மாட்டாம்மா. பாத்து முடிஞ்சா மட்டும் கம்ப்யூட்டர அணைச்சிருங்க."

பேச்சியம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மிச்சச் சோற்றைத் தின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டிப் பனிக்குள் இறங்கிப் போனாள்.

அண்ணன் போகட்டும் என்று விதி எழுதியவன், அவன் தினமும் வர வழிசெய்துவிட்டான். அன்றிலிருந்து மத்தியானங்களில் றிஷாத் நானா எத்தனை தடவை கூப்பிட்டாலும் கிஷாந்துக்குக் காது கேட்பதில்லை. பூட்டிய வீடு இந்நேரம் திறந்திருக்கும். அங்கே அண்ணன் சலங்கை கட்டிக்கொண்டிருப்பான்.