வானத்து ஆபீஸர்

ஈர சாக்ஸுகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது வாசல் கேட்டின் கொக்கி தூக்கப்படும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தவனுக்குக் கை கால் ஓடவில்லை. அக்காவும் மாமாவும். மலைமேல் இருக்கிற அவர்கள் ஊரிலிருந்து இங்கே வருவதென்றால் பஸ் மாறி பஸ் ஏறி அரை நாள் போய்விடும். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற ஆட்களும் இல்லை. கொடியில் தொங்கியவற்றை வாரிச் சுருட்டித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எறிந்தான், மேலே வாளியைக் கவிழ்த்தான், முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் ஓடினான்.

அந்த வீட்டில் சாக்ஸ் அதிகம் என்பது எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்கு நெடுநாளாகத் தெரியும். அவள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் கொடி முழுக்கத் தெரியும். அவளும் பார்க்காமல் விடுகிறவள் இல்லை. "உங்க வீட்ல பூரான் ஏதாவது குடித்தனம் வந்திருக்கா?" என்று அவன் மனைவியிடம் ஒருநாள் கேட்டே விட்டாள். மனைவி அசரவில்லை. "அவங்க ஆபீஸ்ல ஏசி அப்படி, டீச்சர். காலு விறைச்சுப் போயிடுதாம்" என்றாள். பலூன் கம்பெனியில் என்ன ஆபீஸ், எந்த நாற்காலி என்றெல்லாம் அதற்குமேல் யாரும் கிண்டவில்லை. தெருவில் அவனுக்கு வானத்து ஆபீஸர் என்று பெயர் விழுந்தது. பாதி மரியாதை, பாதி நக்கல். எந்தப் பாதி முன்னால் வரும் என்பது சொல்கிற வாயைப் பொறுத்தது.

நாற்காலி கிடையாது என்பதுதான் விஷயம். அவன் வேலை செய்தது ஒரு தெரு நீளத்துக்கு இருந்த கொட்டகையில். விமானம் பறக்கிற உயரத்துக்கும் மேலே போய் நின்று, கம்பியும் கோபுரமும் எட்டாத மலைக்காடுகளுக்கு இன்டர்நெட் அனுப்புகிற பலூன்கள் அங்கேதான் உருவாயின. பால் பாக்கெட்டைவிட மெலிதான பிளாஸ்டிக் தாளைத் தரையோடு தரையாக விரித்து, கீழிருந்து விளக்குப் போடுவார்கள். அதன்மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குனிந்தபடியே நடந்து, ஊசிமுனை ஓட்டை எங்காவது வெளிச்சமாய்த் தெரிகிறதா என்று பார்ப்பது அவன் வேலை. செருப்பு ஆகாது, வெறுங்காலும் ஆகாது. பஞ்சு போன்ற கனத்த சாக்ஸ் மட்டும். அதிலும் ஒரு நூல் பிரிந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும், தைத்துப் போடக்கூடாது, தையல் முடிச்சு தாளைக் கீறிவிடும். பறக்க விட்ட பிறகு பலூனை ஓட்டுகிறவர்கள் வேறு கட்டடத்தில், கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார்கள். அவர்களும் ஓட்டுவதாகச் சொல்லிக்கொண்டார்களே தவிர, பலூனை ஏற்றி இறக்கித் தோதான காற்று எந்த உயரத்தில் அடிக்கிறதோ அதில் மிதக்கவிட்டு, அது தாங்கள் நினைத்த பக்கம் போக வேண்டுமே என்று கையைப் பிசைந்துகொண்டிருப்பார்கள். அந்த அறைக்குள் அவன் ஒரே ஒரு தடவை, அதுவும் மேஜை தூக்கப் போயிருந்தான்.

இதையெல்லாம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோதே சொல்லியிருக்கலாம். "எங்க ஊர்ல போன் பேசணும்னா பஸ் ஏறிக் கீழ வரணும்டா. உன் பலூன் அங்கெல்லாம் வராதா?" என்று அவள் சும்மாதான் கேட்டாள். சுற்றிலும் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "ஒண்ணை உங்க ஊருக்கு மேல நிறுத்தச் சொல்றேன் அக்கா" என்று அவன் சொன்னான்.

அவனுடைய போதாத காலம், ஒன்று வந்து நின்றது. காற்று கொண்டுவந்து விட்டது. மலையில் போன்கள் எல்லாம் உயிர் பெற்றன. வாயைத் திறந்தாலே சிடுசிடுக்கிற அக்காவின் மாமியார் தன் கையால் டீ போட்டு மருமகளுக்குக் கொடுத்தாளாம். அக்காவின் மகள் தன் கட்டிலில் உட்கார்ந்தே நர்சிங் பாடம் கேட்டாள். அந்தச் சமயம் பார்த்து இவனும் அங்கே போனான், நியாயமாக ஒரு மாலை மரியாதையாவது நடக்கும் என்ற எண்ணத்தில். டீக்கடை பெஞ்சில் ஊர் கூடியிருந்தபோது மாமா அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "எங்க மாப்ள பெரிய ஆளுப்பா. பலூனுக்குக் காத்தடிக்கிறான். நிறுத்திப் பிடிச்சீங்கன்னா உங்க சைக்கிளுக்கும் அடிச்சுக் குடுப்பான்" என்றார். பெஞ்சு குலுங்கியது. இவனும் சிரித்தான். காது மட்டும் சூடாகிக் கொண்டே போனது, ஏனென்றால் அவன் சொல்லி வைத்திருந்ததைவிட மாமாவின் கிண்டல்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

அவன் திரும்பி வந்த கொஞ்ச நாளில் மலையில் போன்கள் மறுபடி செத்தன. அக்கா கீழே இறங்கி வந்து, மருந்துக்கடை வாசலில் நின்று போனில் பேசினாள்.

"டேய், மாமா சொன்னதுல உனக்குக் கோபமா? அதான் பலூனை எடுத்துட்டியா?"

"ம்" என்றான்.

இந்த 'ம்' இருக்கிறதே, இதைப்போல் வசதியானது வேறில்லை. ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், கேட்கிறேன் மேலே சொல் என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதைத்தான் சொன்னேன் என்று அவன் பிற்பாடு தனக்குத்தானே சாதித்தான். உண்மையில் முதலாவதன் ருசி நாக்கில் பட்டிருந்தது. ஒரு மலையையே தன் கோபத்துக்குப் பயப்பட வைத்த ருசி.

அதற்கு அடியில் இன்னொன்றும் கிடந்தது. அதை அவன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. போன வருஷம் ஒருநாள், வேலை முடிந்து சாக்ஸைக் கழற்றும்போது, கட்டைவிரல் நகம் வெளியே எட்டிப் பார்த்தது. எப்போது கிழிந்தது, எத்தனை நடை அதோடு நடந்தான், எந்தத் தாளின்மேல், எதுவும் தெரியாது. மேஸ்திரியிடம் சொன்னால் அன்றைய தாள் மொத்தத்தையும் சுருட்டிப் போட்டுவிடுவார்கள், இவனையும் சேர்த்து. சாக்ஸைப் பையில் திணித்துக்கொண்டு வந்துவிட்டான். தூக்கி எறியவும் மனம் வராமல், மற்றவற்றோடு அதையும் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். மலைமேல் நின்ற அந்தப் பலூன் காற்றோடு போயிற்றா, கீறல் வழியாக மூச்சு விட்டு விட்டு இறங்கிற்றா என்று அவனுக்குச் சொல்வார் இல்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

இப்போது மாமா கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ஒரு பை நிறையப் பேரிக்காய் கொண்டுவந்திருந்தார். எதிர்வீட்டு டீச்சரம்மா அந்நேரம் பார்த்து இரவல் வாங்கின குடையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "உக்காருங்க டீச்சர், டீ குடிச்சிட்டுப் போலாம்" என்று மனைவி சொன்னதுதான் தாமதம், உட்கார்ந்துவிட்டாள்.

மாமா எழுந்து நின்றார். கைகள் இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தன.

"மாப்ள, அன்னிக்கு டீக்கடையில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நாலு பேரு சிரிக்கட்டுமேன்னு பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவர் வாயில் இவனுக்கு 'நீ' தவிர வேறு வந்ததில்லை. அந்த 'ங்க' அவன் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது.

"அய்யோ மாமா, என்ன இது, உக்காருங்க."

"இல்ல, சொல்லி முடிச்சிடறேன். ஊரே என்னைத் திட்டுது. உன் வாய்க் கொழுப்புக்கு நாங்க ஏன் அனுபவிக்கணும்னு கேக்கறாங்க. பாப்பா தினம் கீழ இறங்கி மருந்துக்கடை வாசல்ல நின்னுக்கிட்டே பாடம் கேக்குது. நடுவுல ஒரு டவர்காரன் வந்தான். மேட்டுல இருக்கிற நம்ம எடத்தைக் குடுத்தா டவர் போடறேன்கிறான், இல்லேன்னா பக்கத்து மலைக்குப் போயிடறேன்கிறான். எங்க மாப்ள இருக்கும்போது டவர் எதுக்குன்னு நான் பிடி குடுக்கல. ஆனா நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்ல? திருப்பி நிறுத்திடுவீங்கதானே?"

டீச்சரம்மா டம்ளரை உதட்டருகே பிடித்தபடி குடிக்க மறந்தாள். மனைவி கதவோரம் நின்று அவனையே பார்த்தாள். அவள் பார்வையில் வேண்டுதல் இருந்தது. அது உண்மையைச் சொல்லிவிடு என்பதா, இந்த டீச்சர் முன்னால் சொல்லித் தொலைக்காதே என்பதா, இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அவனுக்குப் பிடிபடவில்லை.

"டவரும் ஒரு பக்கம் இருக்கட்டுமே மாமா" என்றான் மெதுவாக.

"ரெண்டு எதுக்கு? அவன் டவரைப் போட்டுட்டான்னா நம்மளுதுக்கு என்ன மதிப்பு? நீங்க சரின்னு சொல்லுங்க, நான் அவனை அனுப்பிடறேன்."

"ம்."

வந்துவிட்டது. வாயை அடைத்திருக்கலாம், நாக்கைக் கடித்திருக்கலாம். மாமாவின் முகம் அகலமாக மலர்ந்தது. டீச்சரம்மாவைப் பார்த்து, "பாத்தீங்களா, அவ்வளவுதான் நம்ம மாப்ள" என்றார்.

அக்காவைக் கூடத்தில் காணோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

கொல்லையில் அவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கை கழுவப் போனவள், வாளி கவிழ்ந்து கிடக்கிறதே என்று நிமிர்த்தியிருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே எதுவும் கவிழ்ந்து கிடந்தால் அவளுக்குப் பொறுக்காது. மடியில் ஈர சாக்ஸுகளை ஜோடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றுக்கு மட்டும் ஜோடி இல்லை.

"யாரோடதுடா இவ்வளவும்?"

"என்னோடதுதான்."

"எதுக்கு இத்தனை?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கொட்டகை, விளக்கு, தாள், நடை. பலூன் எங்கே போகிறது என்று தனக்குத் தெரியாது என்பதையும் சொன்னான். நகத்தை மட்டும் சொல்லவில்லை. அதற்குள் அக்கா அந்த ஒற்றைச் சாக்ஸைத் திருப்பி, நுனியில் இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அன்னிக்கு போன்ல ஏன்டா 'ம்'னு சொன்ன?"

அவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏம்மா, ஒரு ஊசி நூல் இருந்தா குடேன்."

தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்து அந்த ஓட்டையைத் தைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். முடிச்சுப் போட்ட சாக்ஸ் அந்தத் தாளில் கால் வைக்க லாயக்கில்லை என்று சொல்ல வந்து, சொல்லாமல் நின்றான். அவள் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். டீச்சரம்மா இன்னும் முதல் டம்ளரையே குடித்துக்கொண்டிருந்தாள்.

"டவர்காரனுக்குச் சரின்னு சொல்லிடுங்க" என்றாள் அக்கா, கணவனிடம்.

"ஏன், இப்பதானே மாப்ள…"

"தம்பியை வேற பெரிய வேலைக்கு மாத்திட்டாங்களாம். இனிமே பலூன் பக்கமே போக வேண்டாமாம். நீங்க இவ்வளவு தூரம் வந்து கேக்கறீங்களேன்னு சொல்ல முடியாமத் தவிக்கிறான்."

பொய் சொன்னதற்காகச் சின்ன வயதில் அவன் முதுகில் அறைந்தவள் அவள். ஒரு திக்கல் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. அவன் பக்கம் திரும்பவும் இல்லை.

மாமாவுக்கு ஒரு கணம் முகம் விழுந்தது. உடனே நிமிர்ந்தார். "அதையும்விடப் பெருசா? அப்புறம் என்ன, சொல்லியிருக்கலாமே மாப்ள" என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். டீச்சரம்மா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். போகிற வழியில் அக்காவின் கையில் இருந்ததை ஒரு பார்வை பார்த்தாள். குடையை மறந்து மறுபடியும் எடுத்துக்கொண்டு போனாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு அவன்தான் பை தூக்கிக்கொண்டு போனான். மாமா வழி முழுக்க 'ங்க' போட்டே பேசினார். பஸ்ஸில் அக்காவுக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. வண்டி உறுமத் தொடங்கியபோது அவள் கம்பி வழியாகக் கையை நீட்டி எதையோ அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள். பிறகு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் இருந்த சீட்டின் முதுகைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மாமா அவளைத் தாண்டித் தலையை வெளியே நீட்டினார். வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார், அவனைப் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பாகக் கையை ஆட்டினார். பஸ் நகர்ந்தது. பதிலுக்கு ஆட்டாமல் எப்படி இருப்பது? அவனும் கையை உயர்த்தி ஆட்டினான், அதன் நுனியில் அந்த ஒற்றைச் சாக்ஸும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.