வெள்ளைக் கிண்ணம்

மற்றவர்கள் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் புதுப்பிப்பதைப் போல ஆண்டனி வருஷத்துக்கு ஒரு முறை கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தான். ஒரு நாள் லீவு போடுவான், ஹப்சிகுடாவில் மெட்ரோ ஏறுவான், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவான். மறுநாள் நாச்சாரத்து பைப் கம்பெனியில் யாராவது விசாரித்தால், “அப்படியேதான் இருக்கு” என்பான். அப்படியே ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் பார்வை கொஞ்சம் சுருங்கியிருக்கும். அதைச் சொல்லப்போனால் கேட்டவர் முகம் தொங்கிப்போகும், பிறகு அவருக்கு இவன் ஆறுதல் சொல்ல வேண்டும். அந்த வம்பு எதற்கு என்று விட்டுவிட்டான்.

அவனுடையது பரம்பரை நோய். விழித்திரை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும். முதலில் இருட்டில் தெரியாது. பிறகு பகலிலும் பக்கவாட்டில் தெரியாது. நடுவில் மட்டும் ஒரு வட்டம் மிஞ்சும், அதுவும் எவ்வளவு நாளைக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மருந்து இல்லாத நோய்க்கு வருஷா வருஷம் எதற்குப் பரிசோதனை என்று ஒருமுறை டாக்டரம்மாவிடம் கேட்டும் பார்த்தான். புரை விழுந்தாலோ நடுவில் நீர் கோத்தாலோ அதையாவது உடனே கவனிக்கலாமே என்றார். நியாயம்தான். பைக்கை விற்றுவிட்டு ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போகப் பழகிக்கொண்டவனுக்கு இதுவும் பழகிப்போயிற்று.

ஆண்டனி வேலைக்காகத் தெலுங்கு ஊருக்கு வந்தவன். சொந்த ஊரான தூத்துக்குடியில் அவன் அப்பாவுக்கும் இதே கண்தான். மாலைக்கண் என்று சொல்லி ஆட்டு ஈரலாக வாங்கிக் கொடுத்தார்கள். மனிதர் சலிக்காமல் தின்றார். உடம்பில் கொழுப்பு ஏறியதுதான் மிச்சம்.

பரிசோதனை முடிந்ததும் டாக்டரம்மா தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்: “பாப்பாவைக் கூட்டிட்டு வரலையா?” பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று முன்பே விளக்கியிருந்தார். “அடுத்த தடவை மேடம்” என்பான் ஆண்டனி. பள்ளிக்கூடத்தில் பரீட்சை, சளிக்காய்ச்சல், ஊரில் கல்யாணம் என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் கைவசம் இருக்கும். தனக்குப் பயமே இல்லை என்று அவன் நம்பினான். பயத்தை எங்கேயோ வைத்துவிட்டு எங்கே வைத்தோம் என்று மறந்தவனுக்கும் அப்படித்தான் இருக்கும். அது அவனுக்குத் தெரியவில்லை.

அவன் மனைவி ஜெசிந்தா கெட்டிக்காரி. மாரெட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி வந்த புதிதில் அவன் ஸ்டூலில் இடித்து முழங்காலைப் பேர்த்துக்கொண்டான். அன்றைக்கே வீட்டை ஒழுங்கு பண்ணிவிட்டாள். நடக்கிற வழியில் ஒரு சாமான் கிடக்கக் கூடாது. செருப்பு சுவரோரம். நாற்காலியை எடுத்தால் எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் ஹால், சமையலறை, பாத்ரூம் நடை, பால்கனி எல்லா இடத்திலும் லைட் எரிய வேண்டும். எதிர் ஃபிளாட்டுக்காரர்கள் இவர்கள் வீட்டில் தினமும் கல்யாணம் என்று கேலி பண்ணினார்கள். கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் உண்டு. ஆக, மகள் ஷெரின் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் இருட்டைப் பார்த்ததே கிடையாது. புருஷனுக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாடு, பிள்ளையின் கண்ணைப் பத்து வருஷம் மூடி மறைத்துவிட்டது. யாரைக் குறை சொல்வது?

விஷயம் பள்ளிக்கூட ஆண்டு விழாவில்தான் வெளியே வந்தது. நடனம் முடிந்து மேடை விளக்கை அணைத்ததும் மற்ற பிள்ளைகளெல்லாம் இறங்கி ஓடிவிட்டார்கள். ஷெரின் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாளாம். இன்னொரு பிள்ளை திரும்பிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்ததாம். அந்தப் பிள்ளையின் அம்மா லிஃப்டில் பார்த்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள். ஜெசிந்தாவும் சிரித்துவைத்தாள்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் வீட்டு விளக்குகளையெல்லாம் ஒவ்வொன்றாக அணைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்து நடுவில் போட்டாள்.

“ஷெரின், அம்மாவுக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டா.”

“கரண்ட் போச்சா மம்மி?”

“ஆமா. வெளிச்சம் வருதுல்லா ஜன்னல்ல, கொண்டா.”

ஆண்டனி சோபாவில் உட்கார்ந்திருந்தான். இருட்டில் அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நாற்காலி சாய்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஷெரின், “ஸாரி மம்மி” என்றாள்.

ஜெசிந்தா லைட்டைப் போட்டுவிட்டு, மகளின் காலைத் தேய்த்துவிட்டாள். அவளை உள்ளே அனுப்பிய பிறகு புருஷனிடம் திரும்பினாள்.

“நீங்க கூட்டிட்டுப் போறியளா, இல்ல நான் கூட்டிட்டுப் போவட்டா?”

“இருட்டையே பாக்காத பிள்ள, இருட்டுல தட்டுத் தடுமாறாதா? பழக்கம் இல்லல்லா அவளுக்கு.”

“அதத்தான் போய்ப் பாத்துட்டு வாங்கங்கேன்.”

“சரி. அடுத்த வாரம் எனக்கே அப்பாயின்ட்மென்ட் இருக்கு. அப்படியே கூட்டிட்டுப் போயிருதேன்.”

இன்னொரு லீவு மிச்சம் என்கிற மாதிரி சொன்னான். “நான் வரல. வந்தா அங்கயே அழுது தொலைச்சிருவேன்” என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போனாள் ஜெசிந்தா.

ஆஸ்பத்திரியில் முதலில் பார்வைப் பரப்புச் சோதனை. அதற்குப் பிறகுதான் கண்ணில் சொட்டு மருந்து. சோதனை அறையில் சுமலதா இருந்தாள். பல வருஷமாக ஆண்டனிக்கு அவள்தான் இந்தச் சோதனையைச் செய்கிறாள். தமிழ்க்காரர்களிடம் தெலுங்கு பாதி தமிழ் பாதியாகப் பேசுவாள். “இதி பாப்பாவா? உங்க ஜாடைதான்” என்றாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

முதலில் ஆண்டனி உட்கார்ந்தான். பெரிய வெள்ளைக் கிண்ணம் ஒன்றைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும் அந்த மெஷின். அதன் வாய்க்குள் முகத்தைக் கொடுத்து, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கிண்ணத்தின் விளிம்பிலிருந்து ஒரு சின்ன வெளிச்சப் பொட்டு புறப்பட்டு நடுவை நோக்கி மெல்ல ஊர்ந்து வரும். கண்ணுக்குத் தட்டுப்பட்டதும் பட்டனை அமுக்க வேண்டும். ஒரு தடவை மேலிருந்து வரும், ஒரு தடவை பக்கத்திலிருந்து, ஒரு தடவை கீழிருந்து. நல்ல கண்ணாக இருந்தால் பொட்டு விளிம்பை விட்டுக் கிளம்பிய சற்று நேரத்திலேயே விரல் தானாக அமுக்கும். ஆண்டனி காத்திருந்தான். வெளிச்சம் கிளம்பிவிட்டது என்று அவனுக்குத் தெரியும். எங்கே வந்துகொண்டிருக்கிறது என்றுதான் தெரியாது. கிட்டத்தட்ட நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் வந்த பிறகு சட்டென்று முளைத்தது. அமுக்கினான். முன்பெல்லாம் போன வருஷத்தைவிட எவ்வளவு தாமதம் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பான். இப்போது இன்றைக்கு மத்தியானம் என்ன சாப்பிடலாம் என்று யோசித்துக்கொண்டே அமுக்கினான்.

“அடுத்து பாப்பா” என்றாள் சுமலதா.

ஷெரின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கால்களை ஆட்டினாள். “கேம் மாதிரியா?”

“கேம் மாதிரிதான்” என்றான் ஆண்டனி. “நடுவுல இருக்க புள்ளிய விட்டுக் கண்ண எடுக்கக் கூடாது. கிண்ணத்தோட ஓரத்துல இருந்து ஒரு குட்டி லைட் நடந்து வரும். தெரிஞ்ச உடனே பட்டன அமுக்கு.”

“ஸ்கோர் வருமா?”

“வரும்.”

“மீரு பயட கூர்ச்சோண்டி சார்” என்று சுமலதா வெளியே கையைக் காட்டினாள். அவன் வெளியே வந்து உட்கார்ந்தான்.

வரிசை நாற்காலிகளில் சொட்டு விட்டவர்கள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்கள். சுவர் டிவியில் சத்தமில்லாமல் ஒரு சீரியல் ஓடியது. யாரோ யாரையோ அறைந்தார்கள். ஆண்டனி தன் மகளுக்காகப் பயப்பட முயன்றான். பயம் வரவில்லை. மாதாவே என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை. தனக்காக ஒன்றும் கேட்டுப் பழக்கமில்லாமல் போய், இப்போது பிள்ளைக்காகக் கேட்கவும் வாய் வரவில்லை. இப்படியும் ஒரு தகப்பன் இருப்பானா என்று தன்மேல் வெறுப்பு வந்தது. அதுவும் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. பழக்கம் இல்லாததுதான், வீட்டில் நாலு நாள் விளக்கை அணைத்து வைத்தால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதை ஜெசிந்தாவிடம் எப்படிச் சொல்வது, அவள் முகம் எப்படி மலரும் என்றுகூட நினைத்துப் பார்த்தான். வேளச்சேரிக்குப் பைப் அனுப்பியாயிற்றா என்று ஆபீசிலிருந்து போன் வந்தது. அனுப்பியாயிற்று என்று சொன்னான்.

கதவு திறந்தது. சுமலதா முதலில் எட்டிப் பார்த்தாள். அவனைப் பார்த்துச் சிரிப்பவள் இன்றைக்குச் சிரிக்கவில்லை. “மேடம்கிட்ட ரிப்போர்ட் போகும் சார். அவங்க சொல்லுவாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு எத்தனையோ பேர், எத்தனையோ வேலை, தினமும் சிரிக்க முடியுமா என்று ஆண்டனி நினைத்துக்கொண்டான்.

ஷெரின் வந்து பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஒரு கண்ணின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் தடம் கன்னத்தில் சிவந்திருந்தது.

“போர்ப்பா. ரொம்ப ஸ்லோ கேம்.”

“அப்படியா?”

“நீங்க ராங்கா சொல்லிட்டீங்க. ஓரத்துல இருந்து நடந்து வரும்னு சொன்னீங்கல்ல? அப்படி வரல. சும்மா இருக்கும், சும்மா இருக்கும், அப்புறம் நடுவுல டக்குனு வரும். எல்லாமே நடுவுலதான்.”

ஆண்டனி அவளைப் பார்த்தான்.

“அப்புறம் எதுக்குப்பா அவ்ளோ பெரிய கிண்ணம்? நடுவுல மட்டும்தானே லைட் போடுறாங்க, ஒரு சின்னக் கப்பு வச்சா போதாதா?”

மேலே, கீழே, இரண்டு பக்கமும், கிண்ணத்தின் விளிம்பு முழுக்க வெளிச்சம் புறப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஒவ்வொன்றும் தன் மகளை நோக்கி ஊர்ந்து வந்திருக்கிறது. அவள் அங்கே ஒன்றுமே இல்லை என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். டாக்டரம்மா இனி எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

“எல்லா லைட்டையும் பாத்தியாம்மா?” என்று கேட்டான். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

“ம். ஒண்ணுகூட விடல” என்றாள் ஷெரின் பெருமையாக. “உங்களவிட எனக்குத்தான் ஸ்கோர் ஜாஸ்தி, பாருங்க.”

டாக்டரம்மா அறையிலிருந்து “ஷெரின் ஆண்டனி” என்று கூப்பிட்டார்கள். அவள் குதித்து இறங்கி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். இத்தனை வருஷம் அந்தக் கதவுக்குள் எந்த யோசனையும் இல்லாமல் போய்வந்த ஆண்டனிக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.