காட்டிய கை

என் நாத்தனார் வாயிருக்கிறவள், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்று கல்யாணமான புதிதிலேயே என் வீட்டுக்காரர் சொன்னார். அவள் அழகு நிலையம் திறந்த பிறகு அதைக் கண்ணாலேயே பார்த்தேன். புருவம் திருத்த வருகிறவர்கள்கூட ஒரு லாவெண்டர் எண்ணெய்க் குப்பியோடுதான் வெளியே போவார்கள்.

எனக்கு பேக்கரியில் வேலை. போன மழைக்காலத்தில் அடுப்பிலிருந்து தட்டை இழுக்கும்போது சூடான விளிம்பு வலது முன்கையில் பட்டுத் தோல் உரிந்துவிட்டது. புண் ஆறும்வரை டாக்டர் கொடுத்த களிம்பு போட்டேன். ஆறிய பிறகு நாத்தனார் என்னை விடவில்லை. தேங்காய் எண்ணெயில் சில சொட்டு லாவெண்டரைக் கலந்து, சாயங்காலம் ஆனால் என் கையைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிடுவாள். உள்ளதைச் சொல்ல வேண்டும், அரிப்பு நின்றது. இறுகிக் கிடந்த தோல் கொஞ்சம் இளகியது. தழும்பு மட்டும் போகவில்லை. கறுப்பு பழுப்பானது, அவ்வளவுதான். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எங்கள் பேக்கரியில் சூடு படாத கை முதலாளி கை ஒன்றுதான்.

போன வாரம் அவள் கடைக்குப் போனபோது சுவரில் என் கை இரண்டு படங்களாகத் தொங்கியது. ஒன்றில் புண். பக்கத்துப் படத்தில் மாசு மருவில்லாத தோல்.

“இது யார் கைடி?”

“உங்க கைதான் அண்ணி. நகப்பாலிஷ் காட்டறதுக்கு இடது கையைப் படம் எடுத்தேனே, அதை வலது கை மாதிரி திருப்பிப் போட்டுட்டேன்.”

“உங்க அண்ணனுக்கே அடையாளம் தெரியாது.”

“அப்போ ஊருக்கு எங்க தெரியப்போகுது?”

இருவரும் சிரித்தோம். ஆனால் அன்றிலிருந்து அவள் கடைக்குப் போனபோதெல்லாம் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். யாரிடமும் மறைக்காத கையை அந்தப் படத்துக்காக மறைத்தேன். அது எனக்கே அசிங்கமாக இருந்தது.

நேற்று நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். பெண்ணுக்குப் பதினாலு வயதிருக்கும். துப்பட்டாவைத் தாடைவரை சுற்றியிருந்தாள். அம்மா கேட்டதும் அரை மனசோடு விலக்கினாள். கழுத்திலிருந்து கன்னத்தின் ஓரம்வரை தோல் சுருங்கியிருந்தது.

“வெந்நீர் கொட்டிடுச்சு. புண்ணெல்லாம் ஆறிடுச்சு, தழும்புதான் நிக்குது. ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கறா. அழுது பாத்துட்டேன், திட்டியும் பாத்துட்டேன்,” என்றாள் அம்மா. பிறகு சுவரைப் பார்த்தாள். “இது நெஜமா? நெட்டுல எடுத்த படமா?”

“நெட்டா? எங்க அண்ணி கைங்க. இதோ உக்காந்திருக்காங்க பாருங்க,” என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். காட்டுங்க என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

கூடப்பிறந்தவள்போல என் கையைத் தேய்த்துவிட்டவள். கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். எப்படி அவளைத் தலைகுனிய வைப்பது? இடது கைச் சட்டையை முழங்கைவரை சுருட்டி நீட்டினேன்.

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டுத் தடவினாள். “ஒண்ணுமே தெரியல ஆன்ட்டி,” என்றாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்கக் கூசி, நான் காலண்டரைப் பார்த்தேன்.

குப்பியை வாங்கிக்கொண்டு போனார்கள். நாத்தனார் என் தோளைத் தட்டி, “பொழைச்சேன் அண்ணி,” என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினேன்.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றிருந்தார்கள். பெண் துப்பட்டாவைத் தோளில் போட்டிருந்தாள். கழுத்து வெயிலில் திறந்து கிடந்தது. அவள் ஏதோ சொல்ல, அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு வாங்க, “ஒரு நிமிஷங்க,” என்றேன் அம்மாவிடம். யோசித்தால் தைரியம் போய்விடுமென்று உடனே வலது சட்டையைச் சுருட்டினேன். “சூடு பட்டது இந்தக் கை. அங்க காட்டினது பட்டதே இல்லை. எண்ணெய் போட்டா அரிப்பு கொறையுது, தோல் மெதுவாகுது. தழும்பு போகல. எனக்குப் போகல.”

அம்மா என் கையையே பார்த்தாள். பெண் தொட வரவில்லை.

“அப்போ எனக்கும் போகாதாம்மா?” என்று அம்மாவிடம்தான் கேட்டாள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “இப்பதாங்க சொன்னா, திங்கக்கெழம ஸ்கூலுக்குப் போறேன்னு. நீங்க வர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி,” என்றாள்.

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தழும்போடு நான் வேலைக்குப் போகிறேன், நீயும் போகலாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லும் யோக்கியதை கடையிலேயே போய்விட்டது. தழும்பு இருந்தாலும் கை நல்லாத்தான் இருக்கு, பார் என்று அங்கேயே இந்தக் கையை நீட்டியிருந்தால் நம்பியிருப்பாள். இப்போது அவளுக்கு அது, ஒருத்தி மறைத்து வைக்கிற கை.

பஸ் வந்தது. பெண் துப்பட்டாவைத் தாடைவரை இழுத்துச் சுற்றிக்கொண்டு என்னைப் பார்க்காமல் முதலில் ஏறினாள். அம்மா படியில் கால் வைத்துத் திரும்பினாள்.

“கடையில பொய்ய அவகிட்டதான் சொன்னீங்க,” என்றாள். “இப்ப உண்மைய மட்டும் எங்கிட்ட சொல்றீங்க.”