கஞ்சி குடித்த கார்

மலைத் தோட்டத்துத் துரையிடம் பழைய காரை வாங்கிய நாள்முதல் ஓடைப்பட்டி சுருளியாண்டி அதை யாரையும் தொட விட்டதில்லை. மனைவி மொக்கம்மாள் தூசி துடைக்கப் போனாலும் எரிந்து விழுவார். முன் சீட்டில் அவருக்குப் பக்கத்தில் அவருடைய துண்டு கிடக்கும். மொக்கம்மாளுக்குப் பின் சீட்டுதான்.

அன்று உத்தமபாளையத்தில் கல்யாணம். கிளம்புகிற நேரத்தில் ரேடியேட்டர் ஒழுகியது. யுத்த காலம், மதுரைக்கே போனாலும் சாமான் கிடைக்காது. சோப்பைக் குழைத்து அப்பினார், துணியைச் சுற்றினார். சொட்டு நிற்கவில்லை. ஆத்திரத்தில் டயரை ஓங்கி உதைத்துவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“புதுப்பானை கசிஞ்சா கேப்பைக் கஞ்சி காய்ச்சி ஊத்துவோம். அடைச்சுக்கிரும்” என்றாள் மொக்கம்மாள்.

“இது என்ன பானையாடி?”

அவள் அடுப்படிக்குப் போய், நீர்க்கக் காய்ச்சிய கஞ்சியோடு வந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அவளே ரேடியேட்டரில் ஊற்றினாள். அவர் வண்டியைக் கிளப்ப, எஞ்சின் சூடேறியது. கஞ்சி வாடை கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் சொட்டு நின்றது.

கல்யாண வீட்டு வாசலில் பங்காளி மலைச்சாமி கேட்டார்: “ரேடியேட்டர் ஒழுகுதுன்னு ஆள்கிட்டச் சொல்லிவிட்டீகளே, யாரு சரி பண்ணுனது?”

“நாந்தேன்” என்று சொல்ல வாயெடுத்தவர், பின்கதவைத் திறந்து இறங்கிய மனைவியைப் பார்த்தார்.

“இந்தா, இவதேன்.”

ஊர் திரும்பக் கிளம்பும்போது, முன் சீட்டில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.