காதுக்காரி தரையில் இறங்கிய விவரம்

இன்னும் ஒருத்தி வந்து உட்கார்ந்தால் முட்டி வரை போய்விடுவேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்போது கணுக்கால் வரைதான் தரைக்குள் இருந்தாள். பள்ளிக்கூடத்தின் சிமெண்டுத் தரை அவளுக்கு மட்டும் சேறாக இளகியது. பிறர் துயரத்தைக் கேட்கக் கேட்க அவள் கனத்தாள். சொன்னவர்கள் பஞ்சாக எழுந்து வகுப்புக்குப் போனார்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைப் பிள்ளைகளே கேட்கட்டும் என்று பள்ளிக்கூடம் முடிவெடுத்து, சிலரின் சட்டையில் நீல வில்லை குத்திவிட்டது. இவளுக்குக் காதுக்காரி என்று பெயர் வந்தது. பயிற்சி கொடுக்க வந்த ஆலோசகர் அம்மா, “யார் எதைச் சொன்னாலும் வெளியே விடக் கூடாது, ஆனால்” என்றபோது மணி அடித்தது. பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். பல பள்ளிகளுக்கு அவர் ஒரே ஆள்; மறுபடி வரவில்லை. அந்த ‘ஆனால்’ இல்லாமலே வருஷங்கள் ஓடின. வில்லை குத்திய பையன் ஒருவன் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றினான். அதை வாங்கியவள் பிழைக்கவில்லை. அவன் இடுப்பு வரை நூலகத் தரையில் இருக்கிறான். சாப்பாடு அங்கேயே போகிறது. இப்படி அமிழ்ந்த கால்கள் விட்ட குழிகளை விடுமுறைதோறும் பூச வரும் கொத்தனார், “இந்தப் பாப்பா புண்ணியத்துலதான் என் வீட்டு அடுப்பு எரியுது” என்று காதுக்காரியைக் காட்டிச் சிரிப்பார். “ஊர்ப்பட்ட பாரத்தையும் நீயே சுமக்கணும்னு தலையெழுத்தா?” என்று வீட்டில் அவள் அம்மா கேட்டாள். பதில் சொன்னால் அம்மாவும் அமிழ்ந்துவிடுவாளோ என்று அவள் வாயைத் திறக்கவில்லை.

அன்று மதியம் வந்தவள் அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் வாயாடி. “என்னடி, மரமா முளைச்சிட்டியா? தண்ணி ஊத்தட்டுமா?” என்று வழக்கம்போல ஆரம்பித்தாள். பிறகு குரல் இறங்கியது. இனி உயிரோடு இருக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டதாகச் சொன்னாள். காதுக்காரி முட்டியைத் தாண்டி இறங்கினாள். ஆனாலும் வாயாடி லேசாகவில்லை. சொல்லி முடித்தும் ஒருத்தி கனமாகவே இருப்பதைக் காதுக்காரி அன்றுதான் பார்த்தாள்.

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுடி. எல்லாருக்கும் பண்றதானே?” வாயாடி கையை நீட்டினாள்.

சொன்னால் இவள் என் முகத்தில் விழிக்கமாட்டாள். சொன்னாலும் கேட்க இங்கே பெரியவர்கள் யார் இருக்கிறார்கள்? தலைமையாசிரியையின் அறை நடைக்கூடத்தின் கடைசியில் இருந்தது. தரை தொடையை எட்டியிருந்தது. காதுக்காரி அந்த நீட்டிய கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“சத்தியம் பண்ண மாட்டேன்டி” என்றாள், மெதுவாக.