தாண்டிச் செல்ல

விருத்தாசலத்தில் ராஜாங்கத்தைப் போல ஓரிடத்தில் உட்காரத் தெரியாத மனிதரைப் பார்க்க முடியாது. அன்று காலையிலிருந்து தம் பீங்கான் பட்டறையில் போனைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கார்த்திகைக்கு விளக்கு வாங்கும் பெங்களூர் வியாபாரி சக்கரபாணி, பட்டறையின் புது வெப்சைட்டைப் பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார். ஆர்டர் வந்தால் சூளை எரியும். வேலை இல்லையென்று ஆடியில் நிறுத்திய பெண்களைத் திரும்பக் கூப்பிடலாம். விளக்குக்கு வண்ணம் தீட்டும் கனகா அதற்குள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றுவிட்டாள்.

"அண்ணே, நாளையிலேருந்து வரட்டுமா?"

"இரும்மா, இப்ப சொல்லிடுவாங்க."

போன் அடித்தது. சக்கரபாணிதான்.

"சார், பிள்ளையார் சுத்திக்கிட்டே இருக்காரு. விளக்க எங்க பாக்குறது?"

"கொஞ்சம் பொறுத்துக்குங்க. மூணு சுத்து சுத்துவாரு, அப்புறம் தொறந்துடும்."

"மணி வேற அடிக்குது. ஆபீஸே என்னத் திரும்பிப் பாக்குது சார்."

ராஜாங்கத்துக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெப்சைட் திறந்ததும் முதலில் பிள்ளையார் படம் சுற்றி வரவேண்டும் என்று சொன்னவரும், அதற்குக் கோயில் மணியை டேப்பில் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். ஜங்ஷன் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் கனிமொழி அந்தத் தளத்தைச் செய்தபோது, பிள்ளையாருக்குக் கீழே ஓரமாக 'தாண்டிச் செல்ல' என்று ஒரு பட்டனை வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் மனிதர் துள்ளிக் குதித்துவிட்டார்.

"பிள்ளையாரத் தாண்டுறதா? என்னாம்மா எழுத்து இது?"

"அவசரமா வர்றவங்களுக்கு சார்."

"அவசரம்னா சாமிய மிதிச்சிட்டுப் போவானா? எடு அத."

எடுத்தாள். அதோடு விட்டாரா? வீட்டுக்கு வருகிறவனை யார், எந்த ஊர் என்று விசாரிக்காமல் உள்ளே விடுவது என்ன மரியாதை என்று, பேர், ஊர், விலாசம் கேட்கும் கட்டம் ஒன்றையும் வைக்கச் சொன்னார். கனிமொழியின் கம்ப்யூட்டரில் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் வந்தது. ராஜாங்கம் திருப்தியோடு வீடு திரும்பினார்.

பட்டறையில் மறுபடியும் போன் அடித்தது.

"பேரு ஊரெல்லாம் போட்டேன் சார். பின்கோடு போடலன்னு மறுபடி பிள்ளையார்கிட்டயே கொண்டாந்து விட்டுடுச்சு." இப்போது சக்கரபாணி குரலில் சிரிப்பு இல்லை.

ராஜாங்கம் மொபெட்டை முறுக்கிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் பறந்தார்.

"வெளியூர்க்காரனுக்கு எப்படி வருமோ, அப்படித் தொறந்து காட்டும்மா."

கனிமொழி தன் கம்ப்யூட்டரில் முன்பே இறங்கிச் சேர்ந்திருந்த படங்களை அழித்துவிட்டுப் புதிதாகத் திறந்தாள். திரை வெள்ளையாகவே நின்றது. வெகு நேரம் கழித்து ஒரு காது வந்தது. பிறகு தும்பிக்கை. மணி அடித்தது. ராஜாங்கம் எழுந்தார், உட்கார்ந்தார், மவுசைத் தட்டினார். பிள்ளையார் இரண்டாவது சுற்றைத் தொடங்கியபோது அவருக்குப் பொறுக்கவில்லை.

"நகருப்பா!" என்று கத்திவிட்டார்.

கத்திய மறுநொடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்து நாற்காலிக்காரன் எட்டிப் பார்த்தான்.

கனிமொழி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நம்ம ஆழத்துப் பிள்ளையாரு கீழதான சார் உக்காந்திருக்காரு? கும்புடுறவங்க படி எறங்கிப் போறாங்க. இவரையும் வெப்சைட்டுல அடியில வச்சிடட்டுமா?"

"வையி. சட்டுனு வையி. அந்தக் கட்டத்தயும் எடுத்துடு."

விளக்குகள் மேலே வந்தன. கனகா தீட்டிய சிவப்பும் பச்சையும் திரையில் பளிச்சென்று இருந்தன. அங்கிருந்தே பெங்களூருக்குப் போன் போட்டார்.

"இப்பப் பாருங்க சார், ஒடனே தொறக்கும்."

"பரவால்ல சார். வேற ஒருத்தர்கிட்ட சொல்லிட்டேன். அவங்களுது வெறும் படமும் போன் நம்பரும்தான்." சக்கரபாணி சற்று நிறுத்தினார். "உங்க விளக்கு எப்படி இருக்கும்னு கடைசி வரைக்கும் நான் பாக்கவே இல்ல சார்."

பட்டறைக்குத் திரும்பியபோது கனகா கேட்டுக்கு வெளியே அதே இடத்தில் நின்றாள். வெயில் ஏறியிருந்தது.

"என்னாண்ணே, ஆர்டரு வந்துச்சா?"

பழியைப் பிள்ளையார் மேல் போட வாய் வரைக்கும் வந்தது.

"வரலம்மா. வந்தவன நாந்தான் வாசல்லயே நிக்க வச்சிட்டேன்."

"நானும் காலையிலேருந்து இங்கதாண்ணே நிக்கிறேன்," என்றாள் கனகா. "கருவேப்பிலங்குறிச்சியில களையெடுக்க ஆளு கேட்டாங்க. போயிட்டு வரேன்."

உள்ளே வா என்று சொல்ல ராஜாங்கம் கேட்டைத் திறந்தார். அவள் பஸ்ஸுக்கு நடக்கத் தொடங்கியிருந்தாள்.